மையவாடிக்குப் போன கன்னம்

முகத்துக்குப் பூசுகிற கிறீம் விற்கிறவளின் முகம் அவளுக்குச் சொந்தமில்லை. அது ஊருக்குச் சொந்தம். மடவளையில் என்னிடம் ஸலாம் சொல்ல வருகிறவர்கள் முதலில் என் இடது கன்னத்தைப் பார்ப்பார்கள், பிறகு வலது கன்னத்தைப் பார்ப்பார்கள், அதற்கும் பிறகுதான் ஸலாம் வரும். சிலருக்கு ஸலாம் மறந்தே போய்விடும்.

என் பெயர் மஸாஹிரா. குசினியில் நான் காய்ச்சுகிற கிறீமுக்கு என் மகள் நப்லாவின் பெயரை வைத்திருக்கிறேன். வெனிவெல் கட்டை, கஸ்தூரி மஞ்சள், கற்றாழை, இன்னும் இரண்டு சாமான். அந்த இரண்டையும் நான் சொல்ல மாட்டேன். பூசிப் பார்த்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்கு என் டப்பா முன்கூட்டியே போய்விடும். கிறீமில் குறையே இல்லை. குறை என் முகத்தில்தான் இருந்தது.

இரண்டு கன்னத்திலும் நாடியிலும் சின்னச் சின்னதாகப் பருக்கள். பரு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். குமர் வயதில் எனக்கு முகம் நிறையப் பரு. அவை போன இடத்திலேயே இவை வந்து குந்திக்கொண்டன. பழுக்காது, உடையாது, வலிக்காது, போகவும் போகாது. விரலால் தடவினால் தோலுக்கு அடியில் ரவை கிடப்பது போல் கரகரக்கும். என் கிறீமைப் பூசினேன். தேசிக்காய்ச் சாறு, தேன், வேப்பிலை எல்லாம் பூசினேன். கடைசியில் நுஸ்ஹாவின் கிறீமைக்கூடக் களவாக வாங்குவித்துப் பூசினேன். அதுவும் ஒன்றும் செய்யவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

நுஸ்ஹா என் புருஷனின் தங்கை, பக்கத்து வீடு. அவளுடைய புருஷன் துபாயிலிருந்து அனுப்புகிற கிறீமை அவள் விற்கிறாள். அவளுடைய முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. அது பிறவியிலேயே அப்படி. கிறீமுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் யார் கேட்கிறார்கள்? நாலு பெண்கள் கூடியிருக்கிற இடத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

"மதினி, ஒங்கட கிறீம ஊருக்குக் குடுக்கிறீங்க, நீங்க பூசிறல்லயா?"

இந்தக் கதை நுஸ்ஹாவோடு தொடங்கியதும் அல்ல. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய உம்மா, அதாவது என் மாமி, சபையில் வைத்தே சொன்னார்: "புள்ள நல்லம். மொகத்திலதான் ஆரோ உளுந்து தூவி வெச்சீக்கி." அதைக் கேட்டும் என் புருஷன் மக்கீன் என்னைத்தான் முடிப்பேன் என்று நின்றாராம். நல்ல விஷயம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மாமி அந்த உளுந்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த மனிதர் ஒரு தடவையாவது வாயைத் திறக்க வேண்டுமே! தேத்தண்ணிக் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருப்பார். மாமியை மையவாடியில் அடக்கி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் சொன்னதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இவர் பேசாமல் இருந்ததைத்தான் மன்னிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது பிலிமத்தலாவையிலிருந்து உம்மு குல்சும் போன் எடுத்தார். கொழும்பு வீதியில் அலங்காரச் சாமான் விற்கிற பெரிய பென்ஸிக் கடை வைத்திருக்கிறவர்.

"ஒங்கட கிறீம் நல்லம்டு எல்லாரும் செல்றாங்க. ஆனா ஒங்கட மொகத்தப் பத்தியும் ஒரு கத கேள்விப்பட்டன். ஞாயித்துக்கிழம வந்து நேர்ல பாத்துட்டுத்தான் கடைக்கி எடுப்பன்."

அந்தக் கதையை யார் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடையில் என் டப்பா ஏறினால் கொழும்புக்குப் போகிற வருகிற சனமெல்லாம் அதைப் பார்க்கும். அவர் வேண்டாம் என்றுவிட்டுப் போனால், அந்தப் பேச்சும் அதே வீதியால்தான் போகும். பிறகு நான் அடுப்பை அணைத்துவிட்டு இருக்க வேண்டியதுதான்.

கிறீமின் விளம்பரப் படங்களை எடுக்கிறவள் நப்லா. என் முகம் வருகிற படத்துக்கு அவள் பில்டர் போட்டுத்தான் அனுப்புவாள். "உம்மா, நேர்ல வார ஆளுக்கு பில்டர் போட ஏலாது" என்று சொல்லி, அவள்தான் என்னைக் கண்டி டவுனுக்குத் தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் தர்ஷனா கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. என் கன்னத்தைத் தடவினார், அழுத்தினார், திரும்பவும் தடவினார். பிறகு ஒரு ஊசி முனையால் மெல்லக் குத்தினார். முனை எதிலோ முட்டி நின்றது. டொக்டரின் முகம் பெருநாள் காசு கிடைத்த பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, இது பரு இல்லங்க. எலும்பு."

"எலும்பா? மொகத்தில எல்லாருக்கும் எலும்பு ஈக்கிதானே டொக்டர்?"

"அது உள்ளுக்கு இருக்கிற எலும்பு. இது தோலுக்குள்ளயே வளந்திருக்கு. முந்தி பரு இருந்த எடத்துல எப்பவாச்சும் யாருக்காச்சும் இப்பிடி வரும். ரொம்ப அபூர்வம். நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

"கேன்சரா?"

"சேச்சே. ஒரு ஆபத்தும் இல்ல. சும்மா இருக்கிற எலும்பு."

"கிறீம் பூசி வந்ததா?"

"இல்லவே இல்ல."

"கிறீம் பூசினாப் போகுமா?"

"எலும்புக்கு மேல கிறீமப் பூசி என்னங்க பண்றது? ஒலகத்துல எந்தக் கிறீமுக்கும் போகாது."

அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. இத்தனை வருஷமாக என் கிறீமுக்குப் போட்டிருந்த வழக்கில் விடுதலை கிடைத்துவிட்டது. "டொக்டர், இப்ப சென்னத அப்பிடியே ஒரு வொய்ஸ் மெசேஜா செல்லுவீங்களா?" என்று கேட்டேன். டொக்டர்மார் வியாபாரத்துக்குக் குரல் கொடுக்கக் கூடாதாம். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

தோலை மரக்கச் செய்து, கத்தி நுனியால் கீறி, ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க ஏலாது, மிச்சத்துக்கு இன்னும் சில தடவை வர வேண்டும் என்றார். ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வரச் சுணங்குமாம். மற்றவற்றைக் குப்பையில் போடப் போனார். "குப்பைக்கா? தாங்க இஞ்ச!" என்று கையை நீட்டினேன். ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார். ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் கேட்டது. கழுத்து மாலைகூட எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி அலுமாரியில், நல்ல கோப்பைகளுக்கு நடுவில், எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். நப்லா படம் எடுத்தாள். படத்தில் அது குறுநொய் அரிசி மாதிரித்தான் தெரிந்தது. நுஸ்ஹா வந்து நேரிலேயே பார்த்தாள்.

"இது அரிசிதானே மதினி?"

"எலும்பு. என்ட கன்னத்தில இருந்த."

"ம்... வியாபாரம்டா எல்லாம் செல்லத்தானே வேணும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை உம்மு குல்சுமுக்கு முன்னால் பீரிசுத் தட்டில் அவற்றைக் கொட்டி, கரண்டியால் நசுக்கிக் காட்டுவது. அரிசி என்றால் நொறுங்கட்டும்.

என் புருஷனை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதுதான் பிழை.

மக்கீனுக்குக் கட்டுகஸ்தோட்டையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. பேணுதலான மனிதர். வெட்டிய நகத்தைக்கூடக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்த் தேசிக்காய் மரத்தடியில் புதைப்பார். என் தலைமுடி சீப்பில் வந்தால் அதற்கும் அதே மரம்தான். அந்த மரம் அப்படிக் காய்ப்பதற்கு வேறு எரு போட்டதில்லை. அப்படிப்பட்டவர் அலுமாரியைத் திறந்து கோப்பை எடுக்கப் போய்ப் போத்தலைக் கண்டுவிட்டார்.

"இது என்ன?"

"என்ட எலும்பு."

"முஸ்லிமான ஒரு மனிசிட எலும்ப தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில வெக்கிறயா? அடக்கோணும் இத."

"தேசிக்கா மரத்தடியில அடக்குங்க, பொறகு."

"இது நெகமா? எலும்பு. எலும்புக்கு மையவாடிதான்."

அன்றைக்கே பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டுவிட்டும் வந்தார். உடம்பிலிருந்து பிரிந்ததை அடக்குவது நல்லது, ஆனால் கபன் துணியும் தேவையில்லை, தொழுகையும் தேவையில்லை, அமைதியாகச் செய்தால் போதும் என்று ஹஸ்ரத் சொன்னாராம்.

"ஞாயித்துக்கிழம உம்மு குல்சும் வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுக்குப் பொறகு என்னையும் சேத்துக் கொண்டுபோய் அடக்குங்க" என்றேன். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கலக்கினார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முகம் முன்பைவிட மோசமாக இருந்தது. டொக்டர் கீறிய இடமெல்லாம் பொருக்குக் கட்டிக் கறுத்துப் போயிருந்தது. உம்மு குல்சும் சொன்ன நேரத்துக்கு வந்தார். என்னை ஜன்னலண்டை கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணி வாங்குகிறவர் மாதிரி என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேள்விப்பட்டத விட மோசமா ஈக்கே."

அந்த நேரம் பார்த்து நுஸ்ஹா ஒரு தட்டில் வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். தற்செயலாக வந்தாளாம். வந்தவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"இது பரு இல்ல, எலும்பு. இப்பக் காட்டுறன் பாருங்க" என்று சொல்லி அலுமாரியைத் திறந்தேன். போத்தல் இல்லை. ஒவ்வொரு கோப்பையையும் தூக்கிப் பார்த்தேன். தேத்தண்ணிப் பாத்திரத்தின் மூடியையும் திறந்து பார்த்தேன். உம்மு குல்சும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நப்லா என் காதருகில் வந்தாள். "உம்மா, வாப்பா லுஹர் தொழுகைக்குப் போகக்குள்ள பொக்கட்டுக்குள்ள கைய வெச்சிட்டே போனாரு."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. "எலும்பு எங்க?" என்று நுஸ்ஹா மிகவும் இனிமையாகக் கேட்டாள். "சோத்துல போட்டு ஆக்கிட்டீங்களோ?" உம்மு குல்சும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. "யா அல்லாஹ், நல்ல மனிசியொண்டாச்சே!" என்று யாரோ வாசலில் ஒப்பாரி வைத்தார்கள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஆஸியா உம்மா நின்றார். ஊரில் மௌத்தாகிற பெண்களைக் குளிப்பாட்டுகிறவர் அவர். கையில் கபன் துணியும் கற்பூரமும் இருக்கிற அந்தப் பை. என்னைக் கண்டதும் பை கீழே விழுந்தது.

"நீ... நீ மௌத்தாகல்லயா?"

"இல்ல ஆஸியா உம்மா. உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

"நான் ஒன்னக் குளிப்பாட்ட வந்த புள்ள!"

அவருக்குப் பின்னால் ஒழுங்கைப் பாதை நிறையப் பெண்கள். ஒருவர் கையில் கஞ்சிப் பானை. மரண வீட்டில் அடுப்பு எரியாது என்பதற்காகக் கொண்டுவந்தது. நப்லா போனைத் திறந்தாள். ஊர் வட்ஸ்அப் குழுவில் செய்தி கிடந்தது: 'மக்கீன் நானாவின் வீட்டில் ஜனாஸா. விபரம் பின்னர்.' அதற்குக் கீழே, மௌத்துச் செய்திக்குச் சொல்கிற இன்னா லில்லாஹி நீளத்துக்கு. யார் யார் உண்மையாகவே கண் சிவக்க வந்திருக்கிறார்கள் என்று நான் ஒரு பார்வை பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். பின்வரிசையில் நின்ற ஒருத்திக்கு நான் வாசலில் நிற்பது தெரியவில்லை. "எவ்வளவு நல்ல கிறீம் காச்சின மனிசி" என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப மௌத்தானது ஆரு?" என்று ஆஸியா உம்மா கேட்டார்.

பதில் ஒழுங்கை முனையால் நடந்து வந்தது. சாரத்தின் கரையெல்லாம் மண், கையில் மம்பட்டி, பின்னால் தொப்பி போட்ட ஆம்பிளைகள் ஒரு கூட்டம். கூட்டத்தைக் கண்டு என் புருஷன் நின்ற இடத்திலேயே வேர்த்துப் போனார். நடந்தது இதுதான். மனிதர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரிடம் மையவாடிச் சாவியும் மம்பட்டியும் கேட்டிருக்கிறார். ஆருக்கு என்று மோதினார் கேட்டாராம். பெஞ்சாதியின் கன்னத்தைப் பற்றி ஆம்பிளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று இவருக்கு வெட்கம். "எங்கட வீட்ல... பொம்பளக் காரியம். பெருசாச் செல்ல வாணாம்" என்றிருக்கிறார். ஒருவர் மையவாடிச் சாவியைக் கேட்டு இப்படித் தலையைக் குனிந்தால் மோதினார் என்ன நினைப்பார்? மிச்சத்தை ஊரே பார்த்துக்கொண்டது.

எனக்கு ஊர், விருந்தாளி எல்லாம் மறந்துவிட்டது. "எங்க என்ட போத்தல்?" என்று வாசலில் நின்று கத்தினேன்.

அவர் பொக்கட்டுக்குள் கையை விட்டு எடுத்துத் தந்தார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"எலும்ப அடக்கிட்டன். போத்தல் ஒனக்குத் தேவப்படும்தானே."

"எலும்பா? என்ன எலும்பு?" என்று பின்னால் இருந்த ஆம்பிளைகள் கேட்டார்கள். என் புருஷன் என்னைப் பார்த்தார். என் கண்ணில் வந்திருந்த தண்ணீரையும் பார்த்திருப்பார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தத்தில் பேசினார்.

"இவட கன்னத்தில இருந்த எலும்பு! பரு இல்ல, எலும்பு! டொக்டர் தோண்டி எடுத்தது. ஹஸ்ரத்திட்டக் கேட்டுத்தான் அடக்கின. பருவெண்டா நான் ஏன் மம்பட்டியத் தூக்கிட்டுப் போற?"

"நானா, அது அரிசி மாதிரி..." என்று நுஸ்ஹா தொடங்கினாள். ஆஸியா உம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"அரிசியையும் பருவையும் ஆராச்சும் மையவாடியில கொண்டுபோய் அடக்குவானா நுஸ்ஹா? நான் எத்தின பேரக் குளிப்பாட்டி அனுப்பியீக்கன். எலும்பு இல்லாத ஒண்டையும் அங்க வெச்சி நான் காணல்ல."

ஆஸியா உம்மாவின் பேச்சுக்கு மடவளையில் மேல் பேச்சுக் கிடையாது. எல்லாருக்கும் கடைசியில் அவருடைய கை தேவை. பெண்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்து என் கன்னத்தைப் பார்த்தார்கள். இந்த முறை பார்த்த விதம் வேறு. "எலும்புக்குக் கிறீம் என்ன செய்யும், பாவம்" என்று ஒருத்தி சொன்னாள். உம்மு குல்சும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல ரெண்டு பெட்டி அனுப்புங்க" என்றார். "இந்தக் கதையையும் நானே கடைக்கி வாரவங்களுக்குச் செல்றன்."

கொண்டுவந்த கஞ்சியை எல்லாரும் எங்கள் வீட்டிலேயே குடித்தார்கள். நுஸ்ஹாவும் குடித்தாள். கோப்பையைப் பிடித்த கையின் ஒரு விரலால் அவள் தன் நாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். குழுவில் மோதினார் திருத்தம் போட்டிருந்தார்: 'மக்கீன் நானாவின் மனைவி மஸாஹிரா சுகமாக இருக்கிறார். அடக்கப்பட்டது கன்னத்து எலும்பு மாத்திரம்.' அதற்கும் இரண்டு பேர் இன்னா லில்லாஹி போட்டிருந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு நானும் அவரும் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். என் கோபம் இன்னும் அடியில் கொஞ்சம் கிடந்தது.

"எந்த எடத்துல வெச்சீங்க?"

கோப்பையைக் கலக்கினார். "உம்மாக்குப் பக்கத்துல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவ்வளவு பெரிய மையவாடியில வேற எடமே இல்லயா? உயிரோட ஈக்கக்குள்ள என்ட மொகத்தப் பாத்துப் பாத்துச் சென்னது போதாதா? இப்ப மொகத்தையே கொண்டுபோய் அவங்கட பக்கத்துல வெச்சீக்கீங்க!"

"வேணும்டுதான் அங்க வெச்சன்."

கலக்குவதை நிறுத்திவிட்டுக் கரண்டியைப் பீரிசில் வைத்தார்.

"வெச்சிட்டு உம்மாக்கிட்டச் சென்னன். இது உளுந்து இல்ல உம்மா, பருவும் இல்ல, எலும்பு. அவள்ட பிழையொண்டும் இல்ல. அண்டைக்கே நான் செல்லியீக்கோணும், செல்லல்ல எண்டு."

கண்ணீர் வழிந்து பொருக்குகளில் பட்டதும் கன்னமெல்லாம் எரிந்தது. துடைக்கவும் ஏலாது, டொக்டர் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அப்படியே எரியவிட்டுவிட்டு அவருடைய கோப்பையை இழுத்து இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

"கன்னத்துல இன்னும் கொஞ்சம் ஈக்கி" என்றேன். "எடுத்ததும் அதையும் அங்கயே கொண்டுபோய் வைங்க."